லூஸ் மரியா என்ற பெயரில் பேசியவருக்கு

போன வியாழக்கிழமை ரெக்ஸ்டேலில் ஒரு ரயர் கடையில் காரை விட்டுவிட்டு நின்றேன். குளிர்கால ரயர் மாற்ற அங்கே மலிவு என்று மகன்தான் அனுப்பியிருந்தான். வெளியே ஈரப்பனி கொட்டியது. ஒதுங்க இடம் தேடிப் பக்கத்துக் கடைக் கதவைத் திறந்தேன். இரும்புத் தட்டில் சோளமா வேகிற மணம் முகத்தில் அடித்தது. விளிம்பு சற்றுக் கருகி, உள்ளிருக்கும் பாற்கட்டி உருகி வழிந்து தட்டில் பொரிகிற மணம். அதற்குப் பிறகுதான் எங்கே வந்து நிற்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. நாங்கள் இருவரும் எத்தனையோ ஆண்டுகள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட கடை. கடையின் முகப்பை மாற்றி, நிறத்தை மாற்றி, பெயரையும் மாற்றியிருந்தார்கள். மணத்தை மட்டும் மாற்றவில்லை.

கல்லாவில் அதே மார்த்தா அம்மா. எல் சல்வடோரிலிருந்து வந்தவர். நீர் கைப்பையிலிருந்து யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் எடுத்து அவருடைய ரொட்டிக்கு மேலே தூவும்போதெல்லாம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்பவர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். முதல் கேள்வியே உம்மைப் பற்றித்தான்.

"லூஸ் மரியா எப்படி இருக்கிறாள்? அவள் ஏன் வருவதேயில்லை?"

அவருக்குத் தெரியாது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. வசந்தம் தொடங்கும்போது நீர் இறந்துவிட்டீர் என்று ஸ்பானிஷில் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த நேரம் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?"

"அவளுடைய அக்கா இருந்தார்."

"அது போதும்" என்றார். பிறகு வழக்கமான தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னால் சாப்பிட முடியவில்லை. எங்கள் ஸ்பானிஷ் வானொலி நிலையம் இருந்த மாடியில் இப்போது ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். நீர் மைக்குக்கு முன்னால் இருந்த மூலை யன்னலில் ஒரு பெரிய பல் சிரித்துக்கொண்டிருக்கிறது. நீர் கண்டிருந்தால் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பீர். என்ன சொல்லியிருப்பீர் என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

முதல் நாள் உமக்கு நினைவிருக்கும். நான் அங்கே கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. பாட்டுப் போடுவது, விளம்பரம் போடுவது, குரலின் அளவைக் கூட்டிக் குறைப்பது. அதற்கு ஸ்பானிஷ் தேவையில்லை, காது இருந்தால் போதும் என்றுதான் நிலைய முதலாளி தொன் எர்னஸ்தோ என்னை எடுத்தார். நீர் ஒரு தமிழ்ப் பயண முகவரிடம் வேலை செய்துகொண்டிருந்தீர். அந்தப் பகுதியில் ஸ்பானிஷ் சனம் அதிகம், அவர்களும் விமான ரிக்கற் வாங்கட்டும் என்று உம்முடைய முதலாளி விளம்பரம் கொடுக்க நினைத்தார். நீர் எழுதிய விளம்பரத்தோடு வந்தீர். எங்கள் அறிவிப்பாளருக்கு அன்று காய்ச்சல். "நீயே வாசித்துவிடு" என்று தொன் எர்னஸ்தோ உம்மைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்.

நீர் வாசித்ததில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அளவு காட்டும் முள் ஆடிய விதம் விளங்கியது. எங்கேயும் பாயவில்லை, எங்கேயும் படுக்கவில்லை. தொன் எர்னஸ்தோ என் பின்னால் வந்து நின்று தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு உம்மிடம் எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"குவாயாகில்" என்றீர்.

"அதுதானே. துறைமுகத்துக்காரர் மாதிரியே பேசுகிறாய். அப்பா அங்கேதானா?"

"இல்லை. அப்பா யாழ்ப்பாணம்."

அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நீர் கண்ணாடிக்கு ஊடாக என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னீர்: "நீர் தமிழ்தானே? எந்த ஊர், ஆற்ற பிள்ளை எண்டு நான் கேக்க மாட்டன். நீரும் கேக்காதையும். அப்ப எங்களுக்குள்ள பிரச்சினை வராது." ஊரையும் தகப்பன் பெயரையும் கேட்டு ஆளை அளக்கிற எங்கள் சனத்தின் வழக்கம் எனக்கும் தெரியும்.

அடுத்த மாதமே நீர் எங்கள் மத்தியான நிகழ்ச்சிக்கு வந்துவிட்டீர். உமக்கு லூஸ் மரியா என்று பெயர் வைத்தவரும் தொன் எர்னஸ்தோதான். லூஸ் என்றால் அவர்கள் மொழியில் வெளிச்சம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ர சொந்தப் பேருக்கும் உதுதான் கருத்து" என்றீர். "தமிழ்ச் சனம் கேட்டா லூஸ் எண்டுதான் சொல்லும். சொல்லட்டும். ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதானே இருக்கினம்."

அதன் அர்த்தம் எனக்கு மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது. மார்த்தா அம்மாவின் கடையில், சாப்பிட்டுக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போல நீர் சொன்ன கதை. கொழும்பிலிருந்து உங்களைக் கூட்டமாக ஏற்றி வந்த ஏஜென்ற், இரண்டு கிழமையில் கனடா என்று சொல்லி எக்வடோரின் அந்தத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, கடவுச்சீட்டுகளோடு காணாமல் போய்விட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக எப்படியோ வடக்கே போய்விட்டார்கள். நீர் நாலு வருடம் அங்கேயே கிடந்தீர். இறால் பொதி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அந்த மண்டபத்தில் காலையிலிருந்து மாலைவரை வானொலி பாடிக்கொண்டிருக்கும்.

"நான் ஸ்பானிஷிலை கதைச்ச முதல் வசனம் ஒரு சவர்க்கார விளம்பரம்" என்றீர். "கை எல்லாம் இறால் மணம். வாயிலை சவர்க்காரம். பக்கத்திலை நிண்ட பெட்டையள் விழுந்து விழுந்து சிரிச்சவை. அண்டைக்குத்தான் எனக்கு அங்க சிநேகிதம் கிடைச்சது."

ரொறன்ரோவுக்கு வந்தபோது உம்முடைய அக்கா ஏற்கெனவே இங்கே குடும்பமாக இருந்தார். உமக்கு ஒரு சம்பந்தம் பேசினார். மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்: நாலு வருசம் தனிய அங்க என்ன செய்தவவாம்? நேரே வந்ததாகச் சொல்லிவிடு என்றார் அக்கா. வழியில் நாலு மாதம், அவ்வளவுதான் என்று சொல்லிவிடு.

"நாலு வருசத்தை நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?" என்று நீர் கேட்டீர். அதைக் கேட்டுவிட்டு அக்கா வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வெளியேறியவர்தான் நீர். அதன் பிறகு கலியாண வீடுகளில் உம்மைக் கண்டால் பெண்கள் சற்று விலகி இருப்பார்கள் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். நீர் கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டீர்.

வானொலியில் யாரும் உம்மை எதுவும் கேட்கவில்லை. நீர் குவாயாகில்காரி என்றே நேயர்கள் நம்பினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று தொன் எர்னஸ்தோவும் சொல்லியிருந்தார். அவர் சிலியிலிருந்து தப்பி வந்தவர். வேறொரு நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துத் தொடங்கியவர். இறைச்சிக்கடை, சிகையலங்காரக்கடை என்று படியேறி விளம்பரம் பிடித்து, சொந்த அலைவரிசைக்கு உரிமம் வாங்கும்வரை வளர்ந்தவர். எங்கள் நிலையம் மனைவியின் நகைகளை விற்றுத் தொடங்கியது என்று அவர் சொல்வார். மனைவி அதை மறுப்பார். "இது சங்கமும் இல்லை, கோவிலும் இல்லை. வியாபாரம்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. "சங்கம் இரண்டாக உடையும். வியாபாரம்தான் நிற்கும்."

அந்த நல்ல காலத்தை இப்போது நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. மத்தியானம் உம்முடைய குரல் ஒலிபரப்பானதும் தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கும். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைகளிலிருந்து, கட்டட வேலைத்தளங்களிலிருந்து, பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்க்கிற பெண்களிடமிருந்து. காணாமல் போன பூனைக்காக ஒருவர் அழுவார். முதல் பனியைக் கண்ட ஒருவர் இதில் எப்படி நடப்பது என்று கேட்பார். நீர் காலை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பீர். தளபாடக் கடை விளம்பரத்தை நீர் வாசித்தால் கட்டில் வாங்க வேண்டும் என்று எனக்கே தோன்றும். உம்மையும் உம்முடைய தொலைபேசிகளையும் கேட்டுக் கேட்டே அந்த மொழி என் காதுக்குள் வந்து குடியேறியது. பேசத் துணிந்தபோது பெண்குரலில் பேசுகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுவதும் உம்முடையது.

"மைக்குக்கு முன்னால சிரிச்சா கேக்கிற ஆளுக்குத் தெரியும்" என்று ஒருநாள் சொன்னீர். "சிரிக்காம, சிரிக்கிற மாதிரிக் கதைச்சாலும் தெரியும். அவையை ஏமாத்தேலாது."

அந்த வசந்த காலத்தில் நீர் ஏமாற்றப் பார்த்தீர். எனக்குத் தெரிந்தது. ஊரில் போர் முடிகிற மாதங்கள். உம்முடைய அம்மா வன்னிக்குள் இருந்தார். பல கிழமைகளாக ஒரு செய்தியும் இல்லை. எங்கள் சனம் நகரத்தின் நடுவில், குளிரிலும் மழையிலும், தெருவோரத்தில் கைகோத்து நின்றது. நீர் காலையில் அங்கே போய் நின்றுவிட்டு, கொடியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் பிடித்து வந்து துள்ளலான பாட்டுகளை அறிமுகம் செய்தீர். பாட்டு ஓடும்போது மைக்கை மூடிவிட்டு மேசையில் தலையை வைத்துவிடுவீர். பாட்டு முடிய நான் கண்ணாடியில் தட்டுவேன். நீர் நிமிர்ந்து சிரிப்பீர்.

அன்னையர் தினத்தன்று நிலையத்துக்கு வருடத்திலேயே பெரிய வியாபாரம். மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை அம்மாக்களுக்கு வாழ்த்தும் பாட்டும். பூக்கடை, கேக் கடை, தளபாடக் கடை எல்லாம் பணம் கட்டியிருந்தன. வேறு யாரையாவது போடுங்கள் என்று நான் முதலாளியிடம் சொல்லியிருந்தேன். நீர்தான் மறுத்துவிட்டீர். வீட்டில் தனியாக இருந்தால் விசர் பிடித்துவிடும் என்றீர்.

மாலையில் போக்குவரத்துச் செய்தி வந்தது. ஏரிக்கரையோரம் போகிற கார்டினர் நெடுஞ்சாலையில் தமிழர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் வாகனங்கள் நிற்கின்றன. அந்தத் தாளைக் கொண்டுவந்து உம்முடைய மேசையில் வைத்தது நான். என் மனைவியும் மகனும் அந்த வீதியில்தான் நின்றார்கள். அது உமக்குத் தெரியும். நீர் ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்தீர். பாட்டுப் போட்டேன். பாட்டு முடிந்ததும் அடுத்த அழைப்பு.

அழைத்தவர் எங்கள் பழைய நேயர். அம்மாவை உணவகத்துக்கு அழைத்துப் போகிறவர், நெரிசலில் மாட்டிக்கொண்டார். அம்மாவின் மடியில் கேக் உருகுகிறது என்று தொடங்கி, அவருடைய குரல் ஏறிக்கொண்டே போனது. "யார் இவர்கள், லூஸ் மரியா? இன்றைக்குத்தானா கிடைத்தது? இவர்களுக்கு அம்மா இல்லையா? எல்லோரையும் வந்த இடத்துக்கே அனுப்ப வேண்டும்."

நீர் பேசவில்லை.

வானொலியில் மௌனத்தைப் போலக் குற்றம் வேறில்லை. என் விரல் பாட்டுப் போடுகிற பொத்தானில் இருந்தது. நீர் என்னைப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தினீர். வேண்டாம் என்று. பிறகு பேசினீர். முள் அப்போதும் பாயவில்லை, படுக்கவில்லை.

"அந்த மனிதர்களில் நானும் ஒருத்தி" என்றீர். "நான் லூஸ் மரியா இல்லை." உம்முடைய சொந்தப் பெயரைச் சொன்னீர். ஊரைச் சொன்னீர். "எனக்கு அம்மா இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் அந்த வீதியில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். உங்கள் அம்மா உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கிறார். அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கார்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. அவர் அறுத்தாரா, தானாக அறுந்ததா தெரியாது. நீர் கையைக் கீழே இறக்கினீர். நான் பாட்டுப் போட்டேன்.

எல்லா விளக்குகளும் எரிந்தன. எங்கள் வீட்டிலும் ஒருவரைக் கொண்டுபோனார்கள், இன்றுவரை தெரியாது என்று அழுத பெண்கள் இருந்தார்கள். இத்தனை வருடம் எங்களை ஏமாற்றினாயே என்று கத்தியவர்களும் இருந்தார்கள். ஒருத்தி சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை: "என் மகளின் ஞானஸ்நானத்துக்கு உன்னைக் கூப்பிட்டேன். நீ யாரென்றே எனக்குத் தெரியாமல் கூப்பிட்டிருக்கிறேன்." அவளுக்கு மட்டும் நீர் மன்னிப்புக் கேட்டீர்.

அடுத்த நாள் தொன் எர்னஸ்தோ உம்மைக் கூப்பிட்டபோது என்னையும் வரச்சொன்னீர். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"நேற்று நான் காரில் கேட்டுக்கொண்டிருந்தேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்" என்றார். "என் தம்பியை இராணுவம் பிடித்தபோது நானும் இப்படி ஒரு ஊரில் இருந்து கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவன்தான் நான். ஆனால் தளபாடக் கடைக்காரன் காலையிலேயே தொலைபேசி எடுத்துவிட்டான். அவன் லூஸ் மரியாவுக்குத்தான் பணம் கட்டினானாம்."

"அப்ப லூஸ் மரியாவை எடுத்துவிடுங்கள்" என்றீர்.

கொஞ்ச நாளைக்கு என்றுதான் அவர் சொன்னார். உம்மைப் பின்னறையில் விளம்பரங்கள் ஒலிப்பதிவு செய்ய வைத்தார். பெயரில்லாத குரல். மத்தியான நிகழ்ச்சிக்கு மெடலின் நகரத்துப் பெண் ஒருத்தி வந்தாள். கொஞ்ச நாள் என்பது நிலையம் இருந்தவரை நீண்டது.

எங்கள் ஆட்கள் அந்தக் கிழமையே உம்மைத் தேடி வந்தார்கள். மேடையில் ஏறிப் பேச வேண்டும், பத்திரிகைக்குப் படம் தர வேண்டும் என்றார்கள். கலியாண வீட்டில் விலகி இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நீர் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினீர். ஏன் என்று கேட்டேன்.

"வந்தவை முதல் என்ன கேட்டவை தெரியுமோ? நீங்கள் எந்த ஊர், ஆற்ற பிள்ளை எண்டு. உது மாறாது."

பிறகு நீர் எந்தப் பக்கத்துக்கும் ஆளாக இருக்கவில்லை. உம்மைத் தனியாக விட்டார்கள் என்பதைவிட, நீரே இரண்டு கதவுகளையும் சாத்திக்கொண்டீர் என்பதுதான் சரி. அம்மாவைப் பற்றிய செய்தி வரவேயில்லை. முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு பெண். கடற்கரையில் கடைசியாகக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். அதை நீர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. படத்துக்கு மாலை போடலாம் என்று என் மனைவி சொன்னபோது, "உயிரோட இருந்தா அவவுக்குக் கூடாது" என்றீர். மாலை போடாமலே அந்தப் படம் உம்முடைய சமையலறைச் சுவரில் இருந்தது. மின்சாரக் கட்டணக் காகிதங்களையும் அதன் சட்டத்தில்தான் செருகி வைப்பீர்.

நிலையம் ஒரேயடியாக விழவில்லை. நேயர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வளர்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய பாட்டுகள் கைபேசியில் இருந்தன. இறைச்சிக்கடை விளம்பரம் நின்றது. பிறகு இறைச்சிக்கடையே நின்றது. தொலைபேசி விளக்குகள் எரியாத மத்தியானங்களில், மெடலின் பெண் தானே ஒரு பெயரைக் கற்பனை செய்து, அவர் விரும்பிக் கேட்டதாகப் பாட்டுப் போடுவாள். தொன் எர்னஸ்தோவுக்கு இதயச் சத்திரசிகிச்சை நடந்தது. பிள்ளைகள் உரிமத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் ஆங்கிலப் பழைய பாட்டுகள் போடப்போவதாகச் சொன்னார்கள். ஆட்கள் தேவைப்படாது, கணினியே போடும் என்றும் சொன்னார்கள்.

கடைசி நாளன்று அவர் கைத்தடியோடு மாடியேறி உம்முடைய பின்னறைக்கு வந்தார். கடைசி ஒரு மணி நேரத்தை நீர் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"எந்தப் பெயரில்?" என்று கேட்டீர்.

"உனக்கு விருப்பமான பெயரில்."

"இப்போது கேட்கிறீர்கள்" என்றீர். கோபமாக அல்ல. அதைவிடக் கோபமே நல்லது என்று எனக்குத் தோன்றியது.

நீர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் நான் முள்ளைப் பார்த்தேன். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. இரண்டு பெயரையும் சொல்லி ஆரம்பித்தீர். நிலையத்தில் வேலை செய்தவர்கள், இறந்துபோன அறிவிப்பாளர்கள், மூடிய கடைகள் என்று நினைவில் இருந்த ஒவ்வொருவரையும் சொன்னீர். நேயர்களை அழைக்கச் சொன்னீர். விளக்குகள் எரியவில்லை. கடைசியில் ஒன்று எரிந்தது. யாரோ ஒருவர், எண் மாறி எடுத்து, பீட்சா கொண்டுவர இன்னும் எவ்வளவு நேரம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீர் நிதானமாக, "இன்னும் கொஞ்சம் பொறுங்கள் ஐயா, வந்துகொண்டிருக்கிறது" என்றீர். அறைக்குள் இருந்த எல்லோரும் சிரித்தோம். தொன் எர்னஸ்தோ சிரித்துக்கொண்டே அழுதார். நேரம் முடிந்தது. பொத்தானை அமுக்கியது நான்தான்.

அதன் பிறகு நான் பிக்கரிங்கில் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குப் போனேன். நீர் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்தீர். மாதத்தில் ஒருமுறை தேநீர் குடிப்போம். அப்படி ஒரு நாளில் நீர் வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. நான் போய்க் கட்டடக் காவலாளியைக் கொண்டு கதவைத் திறக்க வைத்தபோது, நீர் சமையலறைத் தரையில் கண் திறந்தபடி கிடந்தீர்.

மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. நீர் மறுநாள் பேசியபோது தாதிமார் ஓடிவந்து என்னிடம் இது என்ன பாஷை என்று கேட்டார்கள். ஸ்பானிஷ். நான் தமிழில் கேட்ட எதுவும் உமக்கு விளங்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தீர். இப்படி நடப்பதுண்டு, முதலில் பேசிய மொழி போய்ப் பிறகு கற்றது மிஞ்சுவதுண்டு என்று வைத்தியர் சொன்னார். திரும்பி வருமா என்று கேட்டேன். பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

யூனியன்வில்லில் இருக்கும் உம்முடைய அக்காவுக்கு நான்தான் அறிவித்தேன். உங்களுக்குள் பேச்சு நின்று எத்தனை வருடம் என்று இரண்டு பேருக்குமே கணக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். கட்டிலின் பக்கத்தில் நின்று உம்முடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நீர் ஸ்பானிஷில் ஏதோ கேட்டீர்.

"என்ன சொல்லுறாள், தம்பி?"

"யன்னல் சீலையை இழுத்து விடட்டாம். வெளிச்சம் கண்ணிலை அடிக்குதாம்."

அவர் ஓடிப்போய் இழுத்துவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் வந்தார். நானும் வேலை முடிய வந்தேன். அக்கா தமிழில் சொல்வார், நான் உமக்குச் சொல்வேன். நீர் சொல்வீர், நான் அவருக்குச் சொல்வேன். கூடப் பிறந்த இரண்டு பேருக்கு நடுவில், இறால் தொழிற்சாலையில் பிறந்த ஒரு மொழியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாலை நீர், அம்மா வந்துவிட்டாரா என்று கேட்டீர். நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னவாம்?"

"அம்மா வந்திட்டாவோ எண்டு கேக்கிறா."

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, "வந்திட்டா எண்டு சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். நீர் மெல்லத் தலையைத் திருப்பி அக்காவை நெடுநேரம் பார்த்தீர். அவருக்கு உங்கள் அம்மாவின் சாடை என்று எனக்குத் தெரியும், அந்தப் படத்தைப் பார்த்தவன் நான். நீர் ஒரு வசனம் சொன்னீர்.

"இப்ப என்னவாம்?"

"அம்மாவுக்கு நல்லா வயசு போயிட்டுதாம்."

அக்கா சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. உம்முடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதையும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். "அந்த நாலு வருசத்தைப் பற்றி நான் கதைச்சது பிழை. நான் ஊருக்குப் பயந்தனான். அவள் பட்ட பாட்டை நான் ஒருநாளும் கேக்கேல்லை. அதைச் சொல்லுங்கோ."

அதற்குச் சரியான சொற்களைத் தேடி நான் மெதுவாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது நீர் நித்திரையாகிவிட்டீர். எந்த இடம்வரை கேட்டீர் என்று தெரியவில்லை. எழும்பியதும் திரும்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அவரால் அதை இரண்டாம் முறை சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

நீர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். நான் வேலையில் இருந்தேன். அக்கா மட்டும் பக்கத்தில். மொழிபெயர்க்க ஆள் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எனக்குத் தொலைபேசி எடுக்கிறார். கடைசி நாட்களில் நீர் சொன்ன சொற்கள் சில அவருடைய காதில் சத்தமாக மட்டும் நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக என்னிடம் கொண்டுவந்து கருத்துக் கேட்பார். தண்ணீர், நாளைக்கு, தலையணை. சாதாரணச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லும் கருத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். எனக்கும் அந்த அழைப்பு வேண்டியிருக்கிறது. உம்மிடமிருந்து எனக்கு வந்த அந்த மொழியைப் பேச இப்போது ஆள் இல்லை. அக்கா கேட்கும்போது மட்டும் அது கொஞ்சம் உயிரோடு இருக்கிறது.

மார்த்தா அம்மாவின் கடைக்குப் போய்வந்த பிறகு வந்த ஞாயிறும் எடுத்தார். கொஞ்ச நேரம் வேறு எதையோ கதைத்துவிட்டு, தயங்கிக் கேட்டார்.

"தம்பி, ஒண்டு கேக்க மறந்துபோச்சு. மறக்கேல்லை, கேக்கப் பயமா இருந்தது. அண்டைக்குக் கடைசியா அவள் என்னைப் பாத்து ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னவள். பிரியோ, பிரியோ எண்டு. பிரியம் எண்டுதானே கருத்து?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்குக் குளிர் என்று கருத்து. குளிருது, குளிருது என்றுதான் நீர் சொல்லியிருக்கிறீர்.

"என்ர வாயாலை என்ன சொன்னாலும் அவளுக்கு விளங்காதுதானே" என்று அக்கா தொடர்ந்தார். "அதாலை நான் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கட்டிலிலை ஏறினன். பிள்ளையைக் கிடத்துற மாதிரி அவளை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, போர்வையை இழுத்து ரெண்டு பேருக்கும் மூடிக்கொண்டு படுத்திட்டன். கொஞ்சத்தாலை அவள் சொல்லுறதை விட்டிட்டாள். முகம் நல்லா ஆறுதலா இருந்தது. அப்பிடியே போயிட்டாள்."

தொலைபேசியில் நானும் ஒரு மௌனம் விட்டேன். நீர் அன்று விட்டதைவிடச் சிறியதுதான்.

"ஓம் அக்கா" என்றேன். "அதுதான் கருத்து."

அவர் அந்தச் சொல்லை மெதுவாக ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அடுத்த ஞாயிறு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார். அந்தச் சொல்லின் மற்றக் கருத்து என்னிடம் இருக்கிறது. அது என்னிடமே இருக்கட்டும்.